உப்பூர்க் கடலுக்கு நிலக்கரி வேண்டாம்

மின்துறையில முடிவெடுக்குற இடத்துல இருக்குற அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கங்க,

நான் ராமநாதபுரம் ஜில்லா திருப்பாலைக்குடி பக்கத்துக் கடற்கரைக்காரி. உப்பூர்ல 800 மெகாவாட் ரெண்டு யூனிட்டு, மொத்தம் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம்னு ஆரம்பிச்சு, 2021 மார்ச்ல பசுமைத் தீர்ப்பாயம் வேலைய நிறுத்தச் சொன்னதுல இருந்து, இனி வராதுன்னு ஒரு நாள் பேச்சு, மறுபடி வரும்னு மறுநாள் பேச்சு. இந்தக் கரையில நிலக்கரி நிலையம் வராதுன்னு எழுத்துல குடுங்க, அதக் கேக்கத்தான் எழுதுறேன்.

எங்க பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். எங்கம்மா இன்னைக்கும் விடியக்காலைல இடுப்பளவு தண்ணியில நடந்து போயி வலையில மாட்டுன நண்ட ஒவ்வொண்ணா எடுப்பாங்க, கொடுக்குல நூலு சிக்கியிருந்தா பொறுமையா பிரிக்கணும், அவசரப்பட்டா வலை கிழிஞ்சு அன்னைக்கு வருமானம் வலைக்கே போயிரும். அங்க அடியில பூராம் கடல்புல்லு. நண்டு, இறால்குஞ்சு, ஓரா மீனு எல்லாம் அதுக்குள்ளதான் வளருது, ஆவுளியான்னு நாங்க சொல்ற கடற்பசு மேயுறதும் அதத்தான். 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர கடற்பசு காப்பகமா அறிவிச்சது நம்ம அரசுதான, அதே கடலு தெக்க எறங்குனா எங்க வீட்டு வாசல்.

ஆழம் இல்லாததால நிலையத்துக்குக் கடல்தண்ணி எடுக்கணும்னா கிலோமீட்டர் கணக்குல கடலுக்குள்ள பாலம் போடணும், தூண் எறக்கையில கலங்குற சேறு புல்லு மேல படிஞ்சா வெளிச்சம் கிடைக்காம புல்லு செத்துரும், அப்புறம் நிலையத்தக் குளிர வச்ச சுடுதண்ணி வேற அதே கடலுக்குத்தான் வரும். ஆழமில்லாத தண்ணி, சூடு சீக்கிரம் ஏறிரும்.

மேக்க இருக்குற விவசாயிகளுக்கும் இதே கவலைதான். வானம் பாத்த பூமி, கண்மாய நம்பித்தான் நெல்லும் மொளகாயும். கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால நிலையத்துக்காக மறிச்சா அடுத்த கண்மாய்க்குத் தண்ணி எப்படிப் போகும்? நம்ம நாட்டு நிலக்கரியில நூறு கிலோவுக்கு முப்பது கிலோவுக்கு மேல சாம்பலாவே மிஞ்சுது, அத எங்க கொட்டுவீங்க?

கரண்ட் வேணாம்னு நாங்க சொல்லல. வெயிலு எங்க ஜில்லாவுல கொட்டிக் கெடக்கு, கமுதியில 648 மெகாவாட் சோலார் 2016ல இருந்து ஓடுது. அதுக்கும் நெலம் நெறைய போச்சுதான், ஆனா சாம்பலும் இல்ல சுடுதண்ணியும் இல்ல.

இன்னொண்ணு. சட்டப்படி திட்டத்துக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையில சுருக்கம் மட்டுந்தான் தமிழ்ல வருது. இனிமே எந்தத் திட்டம்னாலும் முழு அறிக்கையும் தமிழ்ல வேணும், எங்க ஊர்லயே வந்து வாசிச்சுக் காட்டுங்க. மக்கள் கருத்துக் கேக்குற கூட்டத்த காலைல மட்டும் வைக்காதீங்க, அம்மாவெல்லாம் கடல்ல இருந்து கரையேற பத்து மணி ஆயிரும்.