ராஜாமணிக்கு: ‘ஸ்லீப் டீலர்’ பார்த்துவிட்டேன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜாமணி,

உனக்கு எழுதி எட்டு மாதமாகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து நீ வாய்க்கால் கரைவரை நடக்கிறாய் என்று ஆவுடையப்பன் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் வந்து பார்த்திருக்க வேண்டும், வரவில்லை. சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். மதினிக்குச் சர்க்கரை இறங்கியதா? இங்கே எல்லோரும் சுகம். மலர் ஒரு வாரம் லீவில் வந்திருக்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் படத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு விளங்கும்.

ஆமாம், பார்த்துவிட்டேன். நீ பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்த அந்த மெக்சிகோக் கதை, ‘ஸ்லீப் டீலர்’. குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து, “அணையைப் பத்தி ஒரு படம்லே, நீ பாத்தே ஆகணும்” என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அணை என்றால் மதகுக்காரன் உன் சமாச்சாரம் என்று நான் விட்டுவிட்டேன். இப்போது எனக்கு உன்மேல்தான் கோபம். நீ எனக்குச் சொன்னதெல்லாம் முதல் இருபது நிமிடம். கதாநாயகன் மெமோ ஊரை விட்டு பஸ் ஏறிய பிறகு நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா? எப்போதும் போல, உனக்கு வேண்டியதை மட்டும் எண்ணிக்கொள்வாய்.

சரி, அந்த இருபது நிமிடத்துக்கே வருகிறேன். அப்பாவும் மகனும் தோல்பையைத் தூக்கிக்கொண்டு அணைக்கு நடக்கிறார்கள். ஊர் ஆற்றுத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதற்கு. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேமரா, அதோடு ஒரு துப்பாக்கி, அவர்கள் பக்கம் திரும்புகிறது. ஒரு இயந்திரக் குரல் விலை சொல்கிறது. அந்த அப்பா வாதாடுவதுகூட இல்லை. மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் ஊடுபயிராகப் போட்ட துண்டுக் காடு அவருடையது. அவர்கள் அதை மில்பா என்கிறார்கள். அணை வந்த அன்றைக்கே தன் எதிர்காலம் போய்விட்டது என்று அவர் மகனிடம் சொல்லும்போது எங்கள் வீட்டில் மிக்ஸிச் சத்தம்கூட நின்றுவிட்டது. தங்கம் அடுப்படியிலிருந்து வந்து நின்றுகொண்டாள்.

இதையெல்லாம் எதிர்காலக் கற்பனை என்று தள்ள முடியவில்லை. படம் 2008-ல் வந்தது. அதற்கு எட்டு வருடம் முன்பே பொலிவியாவில், கொச்சபம்பா ஊரின் தண்ணீரை பெக்டெல் என்ற அமெரிக்கக் கம்பெனிக்குப் பங்கு இருந்த கூட்டு நிறுவனத்திடம் கொடுத்து, கட்டணம் தாறுமாறாக ஏறி, ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் குண்டடிபட்டுச் செத்தான். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. உனக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் நான் நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இன்னொன்றைக் கணக்குப் போட்டேன், சரிபார்த்துச் சொல். அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் 1944-ல் ஒரு தண்ணீர் ஒப்பந்தம். கொலராடோ ஆற்றிலிருந்து வருடத்துக்கு 15 லட்சம் ஏக்கர் அடி மெக்சிகோவுக்கு வர வேண்டும். அதாவது நம் கணக்கில் 65 டிஎம்சி. பதிலுக்கு ரியோ கிராண்டேவில் கலக்கும் ஆறுகளிலிருந்து மெக்சிகோ வருடத்துக்குச் சராசரி 3.5 லட்சம் ஏக்கர் அடி கொடுக்க வேண்டும், அது 15 டிஎம்சிக்குக் கொஞ்சம் கூட. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கு முடிப்பார்கள். 2020-ல் அந்தக் கணக்கு முடிகிற நேரம், சிவாவா மாநிலத்தில் மழை இல்லை. பாக்கித் தண்ணீரைத் திறக்கப் பார்த்தபோது விவசாயிகள் கம்போடு போய் லா போக்கியா அணையைக் கைப்பற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி தேசியக் காவல் படை சுட்டதில் ஒரு பெண் இறந்துபோனாள். படத்தில் நடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் சொல்?

கொலராடோ கதை அதைவிட மோசம். அமெரிக்கா எடுத்ததுபோக மிச்சமிருப்பதையும் எல்லையில் மோரேலோஸ் அணை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிறது. அதற்குக் கீழே பெரும்பாலும் வெறும் மணல். 2014 வசந்த காலத்தில் இரண்டு நாடும் ஒத்துக்கொண்டு, சுமார் எட்டு வாரம், நாலரை டிஎம்சி அளவுக்கு அந்த மணலில் தண்ணீர் விட்டார்கள். ஆறு கடலைத் தொட்டது. தண்ணீர் வரும் வழியில் சிறுவர்கள் ஓடிப்போய்க் காலை நனைத்தார்கள். தங்கள் ஊர் ஆற்றை முதல் முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் ராஜாமணி! வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது நீ செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாயே, அது ஞாபகம் வந்தது.

ஆனால் இந்தப் படம் பெரிய படம் என்று நான் சொல்வது தண்ணீருக்காக இல்லை. தண்ணீரையும் கூலியாளையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டுகிறதே, அதற்காக. ஊரில் தண்ணீர் இருந்தால் மெமோ எல்லையோர நகரமான டிஹுவானாவுக்கு எதற்குப் போகிறான்? அணை முதலில் வந்தது, ஆள் பின்னால் போனான். தண்ணீரைப் பிடுங்குவதும் ஆளைப் பிடிப்பதும் ஒரே வேலையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும்தான். நீ முதல் பாதியோடு நிறுத்திவிட்டாய்.

டிஹுவானாவில் அவன் உடம்பில் துளை போட்டு, ஒயர் மாட்டுவதற்கான ‘நோட்’ என்ற இணைப்புமுனைகளைப் பொருத்திக்கொள்கிறான். இருட்டு ஹாலில், மேலிருந்து தொங்கும் ஒயர்களை உடம்பில் மாட்டி, முகமூடி போட்டு, வெறும் காற்றில் கையை ஆட்டுகிறான். அந்தக் கை அசைவுக்கு எல்லைக்கு அப்பால் சான் டியாகோவில், கட்டடத்தின் உச்சியில் ஒரு இயந்திரம் வெல்டிங் அடிக்கிறது. உழைப்பு சுவரைத் தாண்டிப் போய்விட்டது, உழைக்கிறவன் இந்தப் பக்கமே நிற்கிறான். அந்த நாட்டுக்கு வேண்டியது வேலைதான், வேலைக்காரன் இல்லை என்று மேஸ்திரி வெளிப்படையாகவே சொல்கிறான். ரொம்ப நேரம் மாட்டியிருந்தால் ஆள் சுருண்டு விழுவான். அதனால்தான் அந்தத் தொழிற்சாலைகளுக்கே ‘ஸ்லீப் டீலர்’ என்று பெயர்.

இயக்குநர் அலெக்ஸ் ரிவேராவின் அப்பா பெருவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். மகன் 1997-லேயே இந்த யோசனையை ஒரு சின்னப் படமாக எடுத்துப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றித் தேடும்போதுதான் பிராசெரோ என்ற கூலியாள் திட்டம் எனக்குத் தெரிந்தது. 1942 முதல் 1964 வரை அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலியாட்களைக் கொண்டுபோனார்கள், 45 லட்சத்துக்கும் மேல் ஒப்பந்தங்கள். ஸ்பானிஷில் பிராசோ என்றால் கை. ஆளுக்குப் பெயரே கை! எல்லையில் அவர்களை வரிசையில் நிறுத்தி முகத்தில் டிடிடி மருந்து அடித்திருக்கிறார்கள், போட்டோ இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் கூலியில் 10 சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். நிறையப் பேருக்கு அது திரும்பி வரவே இல்லை. 1964-ல் திட்டம் நின்றது. அடுத்த வருடமே எல்லைக்கு மெக்சிகோ பக்கம் தொழிற்சாலைகள் முளைக்க வழி செய்தார்கள். 1994-ல் சரக்குக்கு எல்லையைத் திறந்தார்கள். அதே வருடம் சான் டியாகோ பக்கம் ஆளுக்கு எல்லையை இறுக்கினார்கள். ரிவேரா புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, இந்த வரிசையில் அடுத்து என்ன வரும் என்றுதான் யோசித்திருக்கிறார்.

வந்தும்விட்டது. பெர்க்லியில் தெருவோரம் சாப்பாடு கொண்டுபோகும் குட்டி வண்டிகளைக் கொலம்பியாவில் உட்கார்ந்து பிள்ளைகள் ஓட்டியிருக்கிறார்கள். நியூயார்க் சாப்பாட்டுக் கடையில் கல்லாப் பெட்டிக்கு மேல் ஒரு திரை, அதில் பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒரு பெண் வணக்கம் சொல்லி ஆர்டர் எடுத்திருக்கிறாள். விசா வேண்டாம், குளிருக்குக் கம்பளி வேண்டாம், கூலி மட்டும் அவரவர் ஊர் ரேட்.

அப்புறம், மலர்.

அவள் சென்னையில் என்ன வேலை பார்க்கிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அவள் செய்வது கேமரா பார்ப்பது. அமெரிக்காவில் ஏதோ ஊர்களில் இருக்கும் கடைகள், கார் நிறுத்துமிடங்கள், குடோன்கள். அங்கே இருட்டும்போது இவளுக்கு விடிகிறது. நாலு மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரே நேரத்தில் பதினாறு சதுரம் திரையில் ஓடும். யாராவது உள்ளே வந்தால் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி, எழுதிக் கொடுத்த இரண்டு வரியை அவர்கள் இங்கிலீஷில் வாசிக்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஊர்ப் போலீசுக்குத் தகவல். அந்த மரமெல்லாம் எப்போது இலை உதிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை.

படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான்தான் வாயை விட்டேன். மெமோ காற்றில் கையை ஆட்டுவதைப் பார்த்து, “ஒன் வேலை மாதிரியே இருக்கேம்மா” என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. ருடி வந்த பிறகுதான் சொன்னாள். உனக்கு ருடியை ஞாபகம் இருக்கிறதா, அணைக் கம்பெனிக்காக ட்ரோன் ஓட்டும் பையன்? ராமிரெஸ் வீட்டுப் பிள்ளை, அவனும் மெக்சிகோ ரத்தம். சான் டியாகோவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மெமோவின் வீட்டின்மேல் குண்டு போடுகிறான். அதை டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அடிபட்டு வெளியே வரும் அப்பாவின் முகம் அவன் திரையில் தெரிகிறது. ஒரு நொடி தயங்குகிறான். பிறகு சுடுகிறான்.

“அப்பா, நீங்க என்னை மெமோன்னு நெனச்சிட்டு இருக்கீங்க. நான் ருடிப்பா” என்றாள்.

ஒரு கடைக்குப் பின்னால், மெஷினின் சூடான காற்று வரும் இடத்தில், ஒரு ஆள் நாயோடு படுப்பானாம். பனிக்காலம். இவள் பட்டனை அழுத்தி அந்த இரண்டு வரியைச் சொன்னாள். அவன் எழுந்து கேமராவை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டான். அங்கே ஸ்பீக்கர் உண்டு, மைக் கிடையாது. என்ன கேட்டான் என்று இவளுக்குத் தெரியாது. போர்வையை மடித்து, நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாளும் வந்தான். இவள் பதினொரு நிமிடம் கழித்துத்தான் பட்டனைத் தொட்டாளாம். அதற்கு மேல் விட்டால் திரையில் சிவப்பு விழுமாம், சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் பதினாறு சதுரத்திலும் அந்த நாயைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ராஜாமணி, அந்த வேலைக்கு அவளைப் போகச் சொன்னவன் நான். வெயில் இல்லை, அலைச்சல் இல்லை, குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று தங்கத்திடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு வருடமாக அவள் போனில் குரல் குறைந்து பேசியதைத் தூக்கம் பற்றாமல் என்று நினைத்தேன். ஒரு படம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் ருடி எல்லையைத் தாண்டி வந்து, மெமோவோடு சேர்ந்து, அதே ட்ரோனை வைத்து அணையை உடைக்கிறான். நீ இதற்குத் திண்ணையில் எகிறியிருப்பாய், கீழே இருக்கிற ஊர் என்னத்துக்கு ஆகும் என்று. எனக்கும் அந்த இடம் உறுத்தியது. ஒரு குண்டில் தீர்கிற விஷயமா அது? ஆனால் அதற்குப் பிறகு வருவதை மறக்க முடியவில்லை. ருடிக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, தெற்கே போகிறான். மெமோவும் ஊருக்குப் போகவில்லை, டிஹுவானாவிலேயே, அந்தச் சுவரோரம் ஒரு மில்பா போடுகிறான். மலர் அந்தக் காட்சியை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

வேலையை விடச் சொல்லி நான் அவளிடம் சொல்லவில்லை. விட்டால் அந்த நாற்காலியில் வேறொரு வீட்டுப் பிள்ளை உட்காரும் என்று அவளே சொல்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னிடம்தான் ஒன்று கேட்கிறேன். அந்த ஆனி மாத ராத்திரி, உத்தரவு ஒரு கையில், மதகுச் சாவி ஒரு கையில் என்று நீ நின்றாயே, அந்தப் பக்கம் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் கேட்டு ஊரே நின்றதே, அதை அவளுக்குச் சொல்வாயா? நீ கடைசியில் என்ன செய்தாய் என்பதோடு, அதற்கு முந்தின அந்த இரண்டு மணி நேரத்தையும் சொல். என்னிடம்கூட நீ அதை முழுசாகச் சொன்னதில்லை. அவள் நீ சொன்னால் கேட்பாள், சின்னதிலிருந்தே அப்படித்தான்.

வியாழக்கிழமை சென்னைக்கு வண்டி ஏறுகிறாள். அதற்குள் நாங்கள் மூன்று பேரும் வந்தால் மதினிக்குச் சிரமமா? இல்லையென்றால் போனிலாவது பேசு. சென்னைக்குப் போனபின் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடு, அவள் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

உன்,
சண்முகம்