விலை இருக்கட்டும், அளவையும் தரத்தையும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு மைதானங்களில் விற்கப்படும் பீரைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் அது இரண்டே வழிகளில்தான் போகிறது. மைதானத்துக்குள் மதுவே கூடாது என்பார்கள் ஒரு சாரார். விலை பகற்கொள்ளையாக இருக்கிறது என்பார்கள் மற்றொரு சாரார். இந்த இரைச்சலில், காசு கொடுத்தவரின் கைக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. குடிக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு பொருளைச் சட்டப்படி விற்கலாம் என்று அனுமதித்துவிட்ட பிறகு, அதை வாங்குபவருக்கு மட்டும் நுகர்வோர் என்ற உரிமை கிடையாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை என்பதே அவர்களுக்கு என் பதில்.

மைதானத்து விலை வெளி விலையைவிடக் கூடுதலாக இருப்பதையே நான் குற்றமாகக் கருதவில்லை. ஆண்டில் சில நாள்களே திறக்கும் கடைக்கு உரிமக் கட்டணம், காவல், அன்றைக்கு மட்டும் அமர்த்தப்படும் ஆள்களின் கூலி, அணிக்கும் மைதான உரிமையாளருக்கும் போகும் பங்கு ஆகிய எல்லாம் அந்த விலையில் அடக்கம். ஆனால், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது, உள்ளே விற்கும் உரிமை பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குத்தான், இடையில் வெளியேறினால் திரும்ப உள்ளே வர முடியாது என்ற ஏற்பாட்டில் ரசிகருக்கு வேறு போக்கிடமே இல்லை. வீதியில் கெட்டுப்போன பீரை விற்பவர் அடுத்த வாரம் வாடிக்கையாளரை இழப்பார். மைதானத்தில் விற்பவர் எதையும் இழப்பதில்லை. தரம் சரிவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

விலையைக் குறைத்தால் கட்டுப்படியாகாது என்ற வாதமும் எப்போதும் உண்மையல்ல. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2017-இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானத்தில், 12 அவுன்ஸ், அதாவது சுமார் 355 மில்லி லிட்டர் பீரை 5 டாலருக்கும், ஹாட் டாக்கை 2 டாலருக்கும் விற்றார்கள். பழைய மைதானத்தோடு ஒப்பிட்டால் உணவுப் பண்டங்களின் விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது; அப்படியிருந்தும் ஒரு ரசிகர் சராசரியாகச் செலவிட்ட தொகை 16 சதவீதம் கூடியது என்று அவர்களே அறிவித்தார்கள். இதை எல்லா மைதானங்களும் பின்பற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொள்ளை விலைதான் ஒரே வழி என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டினால் போதும்.

தரத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீப்பாயிலிருந்து குழாய் வழியே வரும் பீர், குழாய் சுத்தமாக இருக்கும்வரைதான் பீர். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை காரக் கரைசலைச் செலுத்திக் குழாய்களைக் கழுவ வேண்டும் என்பது மதுவடிப்போர் வட்டாரத்தில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. மைதானங்களின் சிக்கலே, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் வாரக்கணக்கில் குழாய்கள் சும்மா கிடப்பதுதான். உள்ளே தேங்கிய பீரில் பாக்டீரியாக்கள் பெருகும். அடுத்த ஆட்டத்தின் முதல் கோப்பைகளில் புளித்த நெடியோ, கெட்டுப்போன வெண்ணெயின் வாடையோ ஏறியிருக்கும். பீப்பாய் அறைக்கும் விற்பனை மேடைக்கும் இடையிலான தொலைவு மைதானங்களில் அதிகம் என்பதால், வழியில் குளிர்ச்சி குறைந்தால் நுரை பொங்கும். கூட்டம் நெருக்கும்போது அந்த நுரையை வடித்துவிட்டு மீண்டும் ஊற்ற யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நுரையோடு அப்படியே நீட்டிவிடுகிறார்கள்.

இடைவேளைக்குப் பத்து நிமிடங்களுக்கு முன்பு விற்பனை மேடையைக் கவனித்துப் பாருங்கள். வரப்போகும் கூட்டத்தைச் சமாளிக்க, மெல்லிய பிளாஸ்டிக் கோப்பைகளில் பீரை ஊற்றி வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நுரை அமுங்கி, ஓரத்தில் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். முன்வரிசைக் கோப்பைக்கும் பின்வரிசைக் கோப்பைக்கும் நிறத்தில் வேறுபாடு இருக்காது. ஆனால் பின்னால் நிற்பதில் வாயு பாதி போயிருக்கும். பகல் ஆட்டமாக இருந்தால் இன்னொரு கேடும் சேரும். பீருக்குக் கசப்பைத் தருகின்ற ஹாப்ஸ் பூவின் சேர்மங்கள் வெயில் பட்டால் சிதைந்து, கந்தக வாடை கொண்ட ஒரு பொருளாக மாறுகின்றன. கண்ணாடிபோல் தெளிந்த கோப்பையில், திறந்த வெயிலில், இதற்குச் சில நிமிடங்களே போதும். பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் வருவது இதைத் தடுப்பதற்காகத்தான். பாட்டிலில் அத்தனை கவனமாகக் காப்பாற்றிய பண்டத்தை மைதானத்தில் தெளிந்த பிளாஸ்டிக்கில் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள்.

ஜில்லென்று இருந்தால் எதுவும் தெரியாது என்பது இத்தொழிலின் பழைய நம்பிக்கை. அது உண்மையும்கூட. உறைநிலையை ஒட்டிய குளிரில் நாக்கும் மூக்கும் பாதி வேலையை நிறுத்திவிடுகின்றன, குறைகள் மறைந்துபோகின்றன. கோப்பையில் கடைசிக் கால் பங்கு வெதுவெதுப்பாகும்போதுதான் ஏமாந்தது புரியும்.

அடுத்தது அளவு. 2014-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓர் உள்விளையாட்டரங்கின் மீது ரசிகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அங்கே சிறிய பீர் 4 டாலருக்கும், பெரிய பீர் 7 டாலருக்கும் விற்கப்பட்டன. பெரியது எனப்பட்ட உயரமான ஒல்லிக் கோப்பையில் இருந்ததைச் சிறியது எனப்பட்ட குட்டையான அகலக் கோப்பையில் ஊற்றிக் காட்டிய காணொளி ஒன்று வெளியானது: அத்தனையும் அதில் அடங்கிவிட்டது. நிர்வாகம் பெரிய பீருக்கு 24 அவுன்ஸ் கோப்பைகளை வாங்குவதாகப் பிறகு அறிவித்தது. இத்தகைய குளறுபடிக்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் பீர் ஊற்றிக் கொடுக்கும் கோப்பையில் அளவுக் கோடும், அந்தக் கோடு வரை எவ்வளவு கொள்ளும் என்பதும் பொறித்திருக்க வேண்டும். நுரை கோட்டுக்கு மேலே நிற்கலாம். பீர் கோட்டைத் தொட வேண்டும். பிரிட்டனில் குழாய் பீரை 568 மில்லி லிட்டர் கொண்ட பைன்ட் அளவிலோ, அதன் வரையறுக்கப்பட்ட பங்குகளிலோதான் விற்க முடியும். எரிபொருள் நிலையத்தில் அளவைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார். ஆயிரக்கணக்கான கோப்பைகள் ஒரே மாலையில் கைமாறும் இடத்துக்கு ஏன் வரக்கூடாது?

அளவோடு சேர்ந்தது வீரியம். ஆஸ்திரேலிய மைதானங்கள் பலவற்றில் 3.5 சதவீத ஆல்கஹால் கொண்ட நடுத்தர வீரிய பீரை விற்பது வழக்கம். ஜெர்மனியில் பதற்றம் மிகுந்த ஆட்டங்களுக்கு வீரியம் குறைந்த பீரோ, ஆல்கஹால் இல்லாத பீரோ மட்டும் தரப்படுவதும் உண்டு. இதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டத்தின் நன்மைக்காகச் செய்வதுதான். குறைந்த வீரியத்தை விலைப் பலகையில் குறிப்பிடாமல், முழு வீரியத்துக்குரிய விலையை வாங்கும் இடங்களில்தான் அது ஏமாற்று ஆகிறது.

எந்த பீர் கிடைக்கும் என்பதையும் ரசிகரின் விருப்பம் தீர்மானிப்பதில்லை, விளம்பர ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, அதிகாரப்பூர்வ பீர் அமெரிக்காவின் பட்வைசர். பீருக்குப் பேர்போன நாட்டிலேயே உள்நாட்டு பீருக்கு இடமில்லையா என்ற எதிர்ப்புக்குப் பிறகு ஒரு சமரசம் எட்டப்பட்டது: பிட்பர்கர் என்ற ஜெர்மானிய பீரை மைதானங்களில் விற்கலாம், ஆனால் பெயர் அச்சிடாத கோப்பைகளில்! விளம்பரதாரரின் பெயரைக் காப்பாற்ற எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சிரத்தையில் கொஞ்சத்தைக் குழாய் கழுவுவதிலும் காட்டலாம்.

விலை குறைந்தால் கலவரம் வெடிக்கும் என்று சொல்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1974 ஜூன் 4 அன்று நடந்த பேஸ்பால் ஆட்டத்தை. கோப்பை 10 சென்ட் என்று பீர் விற்கப்பட்ட அந்த இரவில், ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்ததால் ஆட்டம் பாதியில் நின்று, வெற்றி எதிரணியான டெக்சாஸுக்குத் தரப்பட்டது. ஆனால் அந்தக் கதையை அவர்கள் முழுதாகச் சொல்வதில்லை. அன்றைக்கு ஒரு முறைக்கு ஆறு கோப்பை என்று வரம்பு வைத்தார்களே தவிர, எத்தனை முறை வாங்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. அடுத்த மாதம் அதே 10 சென்ட் விலையில் இன்னோர் இரவு நடத்தினார்கள். இம்முறை அந்தச் சலுகை ஆளுக்கு இரண்டு கோப்பைக்கு மட்டும். ஜூன் மாதத்து அமளி அன்று மீண்டும் நடக்கவில்லை. ஆகவே, கட்டுப்பாடு வேண்டுமானால் எண்ணிக்கையில் வையுங்கள். கட்டுப்பாட்டின் பெயரால் விலையை ஏற்றுவது வருமானத்துக்கான வழியே ஒழிய ஒழுங்குக்கான வழி அல்ல.

மைதானங்களுக்கு மது விற்பனை உரிமம் வழங்கும் அதிகாரிகள் அதைப் புதுப்பிக்கும்போது, கோப்பையில் அளவுக் கோடு இருக்க வேண்டும், விலைப் பலகையில் மில்லி லிட்டரும் ஆல்கஹால் சதவீதமும் விலைக்கு இணையான எழுத்தில் இருக்க வேண்டும், குழாய் கடைசியாகக் கழுவப்பட்ட தேதியை மேடையில் ஒட்ட வேண்டும் என்பவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்கக் கோருகிறேன். பீர் விற்கும் இடத்திலேயே குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதையும் உடன் சேர்த்தால், குடிக்காதவர்களுக்கும் அது உதவும். இவற்றுக்கு ஆகும் செலவு, விற்பனையாளர் ஒரே ஆட்டத்தில் ஈட்டும் தொகையின் முன் மிகச் சிறியதாகவே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்