செயலாளரின் ஆண்டறிக்கை: எந்தக் கடல், எந்த மாதம், யாரோடு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கொழும்பிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிய அங்கத்தவர் விபரம் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கிறது. ஆகவே, இந்த ஆண்டு செயற்குழுவில் அதிக நேரம் எடுத்த விடயத்துக்கு நேராக வருகிறேன். சங்கமாகச் சுழியோடப் போகும்போது இடத்தை எப்படித் தெரிவுசெய்வது என்பதுதான் அது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் வட்ஸ்அப் குழுவில் வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் ஓர் இடத்தின் பேரோடு வருகின்றன. மாதத்தோடு வருபவை குறைவு. இலங்கைக் கடலில் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தைத்தான். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசத் தொடங்கினால் மேற்கும் தெற்கும் கலங்கிவிடும். நீர்கொழும்பு, கல்கிசை, ஹிக்கடுவை, உணவட்டுன எல்லாம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் உரிய இடங்கள். அப்புறம் கடல் கிழக்கில் திறக்கும். திருகோணமலையும் பாசிக்குடாவும் மட்டக்களப்பும் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் வந்தபின் அங்கே இறங்கிப் பயனில்லை. ஆற்று நீரும் களப்பு நீரும் கலந்து, நீட்டிய கை தெரியாத அளவுக்குக் கடல் மங்கிவிடும். டிசம்பர் பாடசாலை விடுமுறைக்குத் திருகோணமலை கேட்ட குடும்பங்களுக்கு நான் மறுப்புச் சொன்னது இதனால்தான். அவர்கள் காலிப் பக்கம் போய்த் திருப்தியாகத் திரும்பினார்கள்.

மூத்த அங்கத்தவர்கள் பலருக்கு ஹிக்கடுவைதான் பழக்கமான கடல். போர்க்காலத்தில், 2009 வரை, கிழக்கில் பொழுதுபோக்குக்காகச் சுழியோடுவது பெரும்பாலும் நினைத்துப் பார்க்க முடியாத விடயம். கிழக்கைத் தெரிந்துகொள்ள நமக்குக் கிடைத்த காலம் குறைவு. அதனால்தான் அந்தக் கரையைப் பற்றி அங்குள்ள மீனவர்களிடமும் படகோட்டிகளிடமும் கேட்டு எழுதிவைக்கும் வேலையை இந்த ஆண்டு தொடங்கினோம். எந்தப் பாறையில் எந்த நேரத்தில் நீரோட்டம் திரும்பும் என்பதை அவர்களைப் போல் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை. நிலாவெளியிலும் கல்குடாவிலும் பொறுமையாகப் பேசித் தந்த ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

இனி ஹெர்மிஸ் பற்றி. அந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து புறப்பட்டு மட்டக்களப்புக்கு அப்பால் வந்துகொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. தன்னைக் காப்பாற்ற ஒரு விமானம்கூட அன்று அதில் இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. இவ்வளவு வரலாறு நம் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும்போது ஆசைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் கப்பல் கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். நம் அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் 18 மீற்றர் வரை மட்டும் போகும் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். 50 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல ஆறு மடங்கு. சிலிண்டரில் இருக்கும் காற்றும் அதே கணக்கில் தீரும். கரையில் நன்றாகக் கணக்குப் போடுகிறவர் அங்கே போய்க் கைமானியை இருமுறை வாசித்தும் எண் மனதில் நிற்காமல் தவிப்பார். நைதரசன் மயக்கம் அப்படித்தான் வேலை செய்யும். மேலே வரும் வழியில், உடம்பில் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற, கட்டாயத் தரிப்புகள் வேண்டும். அவற்றை நீரோட்டத்துக்கு நடுவே, கரை தெரியாத கடலில், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு முடிக்க வேண்டும். ஆகவே செயற்குழு ஒருமனதாக எடுத்த முடிவு இது: ஹெர்மிஸ் சங்கப் பயணமாக இராது. உரிய தொழில்நுட்பப் பயிற்சியும் ஆழத்துக்கெனக் கலந்த சுவாச வாயுவில் அனுபவமும் உள்ளவர்கள் தனியாக ஒழுங்குசெய்து போகலாம், நாம் தொடர்புகளைத் தருவோம். இந்த முடிவு சிலருக்கு மனவருத்தம் தந்தது என்று தெரியும். இருந்தும் இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். குழுவில் அனுபவம் குறைந்தவர் எவ்வளவு ஆழம் போவாரோ அதுதான் சங்கத்தின் ஆழம்.

அதற்கு ஈடாகக் கிழக்கில் நாம் தெரிவுசெய்தது பிரிட்டிஷ் சார்ஜன்ட். அதே ஏப்ரல் 9ஆம் திகதி, அதே தாக்குதலில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல். பாசிக்குடாவிலிருந்து படகில் போகலாம். ஏறத்தாழ 25 மீற்றரில் கிடப்பதால் அடுத்த படிச் சான்றிதழ் எடுத்தவர்கள் நிதானமாகப் பார்க்கலாம். இரும்புத் தகடுகளுக்கு மேல் மென்முருகை வளர்ந்து, அடியில் களவா மீன் வாய் திறந்தபடி நிற்கும். போய்வந்தவர்களில் ஒருவர்கூட ஏமாற்றம் என்று சொல்லவில்லை.

புதியவர்களுக்குத் திருகோணமலையைச் சிபாரிசு செய்கிறோம். அதிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கே கருமுனைச் சுறாக் குட்டிகளை இடுப்பளவு நீரிலேயே பார்க்கலாம். சனக்கூட்டமும் அவ்வளவு. உயிர்காப்பு அங்கி போட்டவர்கள் களைத்துப்போய் மான்கொம்பு முருகையின் மேல் ஏறி நிற்பதை நம் ஆட்கள் நேரில் கண்டார்கள். காலடியில் நொறுங்கிய கிளைகளின் முனை வெள்ளையாக இருந்ததாம். ஆகவே மிதப்பைக் கட்டுப்படுத்தக் கற்காத யாரையும் இனிப் புறாமலைக்குக் கூட்டிப்போவதில்லை. முதலில் நீச்சல் தடாகம், அடுத்தது மணல் தரை, அதற்குப் பிறகுதான் முருகைக்கல். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீவ் சரணாலயத்தின் ஆழங்குறைந்த முருகைகளில் பெரும்பகுதி 1998இல் கடல் சூடேறி வெளிறிச் செத்ததை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மெல்லத் தேறி வந்தது 2016இல் மறுபடி அடி வாங்கியது. சூட்டை நாம் தடுக்க முடியாது. நம் கால்துடுப்புகளைத் தடுக்கலாம் அல்லவா.

திருகோணமலையில் சுவாமிமலையடியில் இறங்க அங்கத்தவர்கள் கேட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்தூண்களை 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் குன்றின் அடியில் கண்டார்கள். அலை நன்றாக அடங்கிய நாளில் மட்டும், உரிய அனுமதி பெற்று, எதையும் தொடாமல் பார்த்துவர வேண்டிய இடம் அது. ஒரு சிறு கல்லைக்கூட நினைவுக்காக எடுத்துவரக் கூடாது.

மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் வழக்கம்போலவே நடந்தது. ஹிக்கடுவைக்கு வடக்கே 1903இல் மூழ்கிய கொன்ச் கப்பல் புதியவர்களுக்கும் பொருந்தும். பெரிய கொதிகலன்கள் இன்னும் அடையாளம் தெரிகின்றன. காலிக்கு அப்பால் றங்கூன் கப்பல் 30 மீற்றரில் இருப்பதால் எல்லாருக்கும் ஆகாது. கிரிந்தைக்கு அப்பாலுள்ள மகா ராவணன் கோட்டைப் பாறைகளுக்குப் போக இந்த முறையும் முடியவில்லை. 1961இல் அவுரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கிடைத்த கடல் அது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மட்டும்தான் அங்கே கடல் இடம் கொடுக்கும். அதில் பாதி சித்திரைப் புத்தாண்டோடு முட்டுவதால் படகோட்டிகள் கிடைப்பதில்லை.

இடத்தைப் போலவே கூட்டிப்போகிறவர்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். கிழக்கில் ஒரு நிலையத்தில் படகு ஏறுமுன் ஒட்சிசன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னோம். போத்தல் இருந்தது, மானி முள் பூச்சியத்தில் நின்றது. முகமூடியின் இறப்பர் வெடித்திருந்தது. “இதுவரைக்கும் தேவைப்படேல்ல அண்ணை” என்று பதில் வந்தது. முற்பணத்தை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். அந்த இழப்பு பொருளாளர் அறிக்கையில் தெரியும். அதற்கு நான் சமாதானம் தேடவில்லை. அழுத்தத் தாக்கம் (உடம்பில் நைதரசன் குமிழாகும் நோய்) வந்தவரைச் சேர்க்கக்கூடிய அழுத்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது அந்த ஒட்சிசன் ஒன்றுதான்.

இன்னொன்று. கிழக்குப் பயணம் முடித்து அன்றே நுவரெலியா வழியாகத் திரும்ப விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் 1,800 மீற்றருக்கு மேல். உடம்பில் நைதரசன் மிச்சமிருக்கும்போது அந்த உயரத்துக்கு ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஏறக்குறைய ஒன்றே. பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். வான் வண்டியில் ஏறினால் மலைப்பாதை, விமானத்தில் ஏறினால் ஆகாயம், விதி இரண்டுக்கும் பொது. இனிப் பயண நிரலிலேயே கடைசி நாள் கரையில் ஓய்வு நாளாக இருக்கும்.

வரும் ஆண்டுக்கான பரிந்துரை: தை, மாசியில் ஹிக்கடுவையும் காலியும். பங்குனிக் கடைசியில் கடலும் ஆட்களும் ஒத்துவந்தால் கிரிந்தை. ஆனியில் புதியவர்களுக்குத் திருகோணமலை. ஆடியில் பாசிக்குடா, அடுத்த படிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். பெயர் தரும்போது சான்றிதழ் பிரதியையும் கடைசியாக இறங்கிய திகதியையும் சேர்த்துத் தாருங்கள். ஓராண்டுக்கு மேல் இறங்காதவர்கள் தடாகத்தில் ஒரு மீள்பயிற்சி செய்த பின்பே படகில் ஏறலாம். சிலிண்டர்களின் ஐந்தாண்டு அழுத்தச் சோதனை இந்த வைகாசியில் வருகிறது. அதற்கான செலவை அங்கீகரிக்கும்படி தனிப் பிரேரணை பின்னர் வைக்கப்படும்.

இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்