பயிற்றுநர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

விளையாட்டுப் பயிற்சிக்கு வரும் பிள்ளை எந்த வீட்டுப் பழக்கங்களோடு வருகிறது என்பதையும் மாதக் கூட்டங்களில் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இவ்வாண்டுப் பணிகளில் என் மனத்தில் நின்றது அந்தப் பேச்சுகள்தான். ஆகவே அவற்றையே விரிவாக எழுதுகிறேன்.

நியூ கினியாவின் கஹுகு-காமா மக்கள் கால்பந்தைக் கற்றுக்கொண்ட செய்தியோடு முதல் கூட்டம் தொடங்கியது. இரு தரப்பின் வெற்றிகளும் சமமாகும் வரை அவர்கள் நாள்கணக்கில் ஆடினார்கள் என்று மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எதிராளியைத் தோற்கடித்து அனுப்புவது அவர்களுக்கு ஆட்டத்தின் நோக்கமாகவே தோன்றவில்லை. ‘அப்படியானால் போட்டி எதற்கு?’ என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று அதற்கு விடை கிடைக்கவில்லை.

ஆண்டின் கனமான கூட்டம் மௌனத்தைப் பற்றியது. தம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவன் முழங்கால் வலியைப் பல வாரங்கள் மறைத்தே ஓடியதை மூத்த பயிற்றுநர் ஒருவர் தாமாகவே எழுந்து சொன்னார். காரணம் கேட்டதற்கு, “பெரியவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்” என்றானாம். எதிர்க் கேள்வி கேட்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று நாம் எல்லோரும் பாராட்டியிருக்கிறோம். அந்தப் பாராட்டின் விலையை அவன் முழங்கால் கொடுத்தது. ஜப்பானில் தேசிய அளவிலான 15 ஜூடோ வீராங்கனைகள் பயிற்சியில் பயிற்றுநர்களிடம் அடி வாங்கியதைச் சேர்ந்து முறையிட்ட செய்தி 2013-ல் வெளிவந்தது. அவர்களுக்கே பதினைந்து பேரின் துணை வேண்டியிருந்தது என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக எப்படிப் பேசும்?

அதன் பிறகு, பயிற்சி முடிவில் ஐந்து நிமிடம் பிள்ளைகள் மட்டுமே பேசலாம் என்று வைத்தோம். முதல் வாரங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. பெயர் இல்லாமல் சீட்டில் எழுதலாம் என்றதும் வலி, பயம், தூக்கமின்மை என்று வரத் தொடங்கின. மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சிய உறுப்பினர்களின் கவலையை நான் மதிக்கிறேன். நானும் அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவன். ஆனால் சீட்டு எழுதும் பிள்ளைகள் இன்றும் வணக்கம் சொல்லித்தான் மைதானத்துக்குள் வருகிறார்கள்.

வளரிளம் வயதில் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவது இவ்வாண்டும் தொடர்ந்தது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பெண்களின் உடல் தாங்காது என்ற பேச்சால் 1928-க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட மகளிர் 800 மீட்டர் ஓட்டம் 1960-ல்தான் திரும்பியது. சமய வழக்கப்படி தலையை மூடி ஆடக் கால்பந்தின் உலக அமைப்பு 2014-லும், கூடைப்பந்தின் உலக அமைப்பு 2017-லும்தான் முறையாக இடம் கொடுத்தன. அதுவரை எத்தனை பிள்ளைகள் உடைக்காக ஆட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள்! 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்கூடப் பயிற்றுநர்களில் பெண்கள் ஏறத்தாழ 13 விழுக்காடுதான். நம் செயற்குழுவிலும் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறார். உடை, பயிற்சி நேரம் இரண்டையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டே முடிவு செய்யவும், செயற்குழுவில் மேலும் இரு பெண் பயிற்றுநர்களைச் சேர்க்கவும் தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அறிக்கையை ஏற்று, இரு தீர்மானங்களையும் இன்றே வாக்கெடுப்புக்கு விடும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்