டாமி ஜான் அறுவையும் பந்தின் வேகமும்

ஆசிரியருக்கு,

பேஸ்பால் வீரர்களுக்குச் செய்யப்படும் ‘டாமி ஜான்’ அறுவைச் சிகிச்சை பந்தின் வேகத்தைக் கூட்டும் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. கூட்டாது. முழங்கையில் எலும்புகளை இணைக்கும் ஜவ்வு அறுந்தால், அதற்கு மாற்று வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

1974 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பந்துவீச்சாளர் டாமி ஜானுக்கு முழங்கையின் உட்புற ஜவ்வு அறுந்தது. செப்டம்பரில் டாக்டர் பிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்றை எடுத்து, இடது முழங்கையின் மேல், கீழ் எலும்புகளில் துளையிட்டு எட்டு வடிவில் கோத்துக் கட்டினார். நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப்போனதால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. 1975 முழுக்க ஆடவில்லை.

1976இல் திரும்பியவர் 1989 வரை வீசினார். பந்துவீச்சாளராக அவர் கணக்கில் சேர்ந்த 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிந்தியவை. ஒரே பருவத்தில் 20 வெற்றிகளை எட்டியதும் அதன் பிறகுதான், அதுவும் மூன்று முறை.

வேகம் கூடினால் அதற்குக் காரணம் ஓராண்டுக்கு மேல் செய்யும் தோள், கால் பயிற்சிகளே. நாண் எலும்போடு ஒட்டி உறுதிப்பட மாதக்கணக்காகும். வலி போய்விட்டதே என்று அதற்குள் முழு வீச்சில் எறிந்தால் திரும்பவும் கிழியும்.

வாசகர், திருச்சி