விமானப்படைச் சின்னங்கள், பதக்கங்கள் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு 11 கூட்டங்கள் நடத்தினோம். புதிதாக 4 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பதக்கம். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், பழைய நாணயக் குவியலிலிருந்து மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்து வந்தது. விளிம்பில் எண், பதவி, பெயர், கடைசியில் ஆர்.ஏ.எஃப்., அதாவது பிரிட்டனின் அரச விமானப்படை. தரைப் பணியாளர் ஒருவருடையது, அவ்வளவுதான் என்று எல்லோரும் வைத்துவிட்டோம். அப்புறம் ஓர் இளைய உறுப்பினர்தான் எண்ணைக் கவனித்தார்: ஆறு இலக்கம், 2-இல் தொடங்குகிறது. 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படையின் வான்பிரிவான ஆர்.எஃப்.சி.யும் கடற்படையின் வான்பிரிவும் ஆர்.ஏ.எஃப். ஆக இணைந்தபோது, கடற்படையிலிருந்து வந்தவர்களின் ‘எஃப்’ வரிசை எண்ணோடு 2,00,000 கூட்டிப் புது எண் கொடுத்தார்கள். கழித்துப் பார்த்தோம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கடற்படைப் பதிவேட்டில் அதே எண், அதே பெயர்! சேருமுன் அவர் தச்சு வேலை பார்த்தவர். மரமும் துணியுமாக விமானம் கட்டிய காலம் அது. அவரை ஏன் எடுத்தார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை.

வெள்ளி விலை ஏறியபோதெல்லாம் இத்தகைய பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. இது தப்பிவிட்டது. கூடவே கொடுத்த வெண்கல வெற்றிப் பதக்கத்தைத்தான் காணவில்லை.

வருத்தமான செய்தியும் உண்டு. சங்க நிதியில் வாங்கிய ‘ஓ’ அரைச்சிறகு, அதாவது ‘ஓ’ எழுத்தோடு ஒற்றைச் சிறகு தைத்த துணிச் சின்னம், முதல் உலகப் போர்க்கால அப்சர்வருடையது (விமானியோடு பறந்து நோட்டமிடுபவர்) என்று விற்கப்பட்டது, போலி. புற ஊதா விளக்கில் தையல் நூல் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது; அக்கால நூல் அப்படி ஒளிராது. பிற்காலச் சோப்புத்தூளில் துவைத்த பழைய துணியும் அப்படி ஒளிரும் என்பதால் அவசரப்படவில்லை. ஆனால் உட்புறத்தில் மடிந்து கிடந்த நூல்கூட ஒளிர்ந்தது, இழையும் செயற்கை. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். வாங்க ஒப்புதல் தந்தவன் நான், பொறுப்பு என்னுடையது. இனி விளக்கில் பார்க்காமல் துணிச் சின்னம் எதையும் சங்கம் வாங்காது.

முதல் உலகப் போரின் இந்தியப் போர் விமானி இந்திரலால் ராய் பற்றிய உரைக்கு நல்ல கூட்டம். 1918 ஜூலை 22 அன்று, 19 வயதில் வான்சண்டையில் இறந்தவர், டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கத்தின் அறிவிப்பு செப்டம்பரில்தான் வந்தது. அந்த ஆண்டு அதன் ரிப்பனில் கோடுகள் கிடைமட்டம், 1919-இல்தான் சாய்ந்தன. நம் காட்சிப் பலகையில் சாய்கோடு இருந்தது. சரி செய்துவிட்டோம்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். விளிம்பு எழுத்துகள் தேய்ந்தால் அந்த மனிதரே போய்விடுகிறார். தச்சரின் எண்ணைச் சுற்றறிக்கையில் தந்திருக்கிறேன். வெற்றிப் பதக்கம் எங்காவது கண்ணில் பட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.

செயலாளர்