ஒருமுறை ஏரிக்கு வந்து, வளைவில் பாருங்கள்

எங்கள் படகைப் பராமரிக்கும் கொழும்பு வேலைத்தளத்தின் முகாமையாளர் அவர்களுக்கும் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

படகு உங்களிடமிருந்து மறுபடியும் வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்து, மெருகேற்றி அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. இடப்பக்கம் திருப்பினால் புரொப்பெல்லர் தண்ணீரைக் கைவிடுகிற பழைய கோளாறையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

முறைப்பாடு உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. விரித்துச் சொல்லத் தேவையில்லை. நேரே ஓடும்போது குறை எதுவும் இல்லை. வலப்பக்கத் திருப்பத்திலும் இல்லை. படகுக்கு எடை கூட்டும் நீர்ப்பைகளை நிரப்பி, ஆளைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் சற்று இறுக்கி வளைத்தால் மட்டும் எஞ்சின் அலறுகிறது, சுற்றுமானியின் முள் இருந்த இடத்திலிருந்து ஆயிரம் சுற்றுக்கும் மேல் தாவுகிறது, படகின் வேகமோ விழுகிறது.

வேகம் விழுந்தால் என்ன, மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்று உங்கள் பிரிவில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை அவருக்கு எழுத்தில் சொல்கிறேன். பொல்கொட ஏரியில் எங்களிடம் வேக்போர்டிங், அதாவது படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துப் பலகையில் நின்று சறுக்குவது, பழகும் ஒரு பள்ளி மாணவி, கடைசியாகப் பழக வந்த அன்று, மணிக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் பலகையில் நன்றாக நின்றுகொண்டிருந்தாள். படகு இடப்பக்கம் வளைந்தது. புரொப்பெல்லர் பிடி விட்டது. கயிறு தொய்ந்தது, பிள்ளை முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாள். பழகுகிறவர்கள் பயத்தில் கைப்பிடியை விடமாட்டார்கள், இன்னும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். அடுத்த கணம் புரொப்பெல்லர் மறுபடி தண்ணீரைப் பற்றியது. தொய்ந்திருந்த கயிறு ஒரே வெட்டில் இறுகி, அவளை முகங்குப்புற இழுத்து எறிந்தது. எஞ்சினை நிறுத்தி அவளைத் தூக்கி ஏற்றியபோது வலது தோளை அசைக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லை என்று வைத்தியர் சொன்னார். இறங்குதுறையில் காத்திருந்த தாயார் சத்தம் போடவில்லை. “தம்பி, படகைச் சரியாக்கிவிட்டுச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பிள்ளையை அனுப்புகிறேன்” என்றார். நான் என்ன பதில் சொல்வது? படகு சரியாகிவிட்டது என்று உங்கள் பற்றுச்சீட்டு ஏற்கெனவே சொல்லியிருந்ததே.

அந்தப் பற்றுச்சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘புரொப்பெல்லரின் இறப்பர் புஷ் பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். எங்களுடையது வி-டிரைவ் படகு, அதாவது எஞ்சின் உள்ளே இருக்க, அடித்தட்டின் வழியே வெளியே வரும் தண்டு புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை. புரொப்பெல்லரைத் தண்டின் கூம்பில் ஏற்றி, கீ என்னும் உலோகத் துண்டை வைத்து, நட்டால் இறுக்கியிருக்கிறது. அதில் இறப்பர் புஷ் கிடையாது. இல்லாத பொருளைப் பரிசோதித்த கை யாருடையது என்று அறிய ஆவல். அதற்கு முந்தைய முறை, எஞ்சினை இரண்டு துளை இறக்கிப் பூட்டிப் பார்க்கலாம் என்ற ஆலோசனை வந்தது. பின்பலகையில் தொங்கும் எஞ்சினுக்கு அது நல்ல ஆலோசனை. எங்கள் எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கிறது.

புரொப்பெல்லர் இலைகளின் நுனியருகே உலோகம் சிறு சிறு குழிகளாகத் தின்னப்பட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். இலையின் முதுகுப்பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்தால், குளிர்ந்த தண்ணீரும் அங்கே கொதித்துக் குமிழியாகும்; அந்தக் குமிழிகள் இலையின்மேல் நொறுங்கும்போது இப்படித்தான் அரிக்கும். கவிட்டேஷன் என்று நீங்களே சொன்னீர்கள். சரி, ஏன் இடப்பக்கம் மட்டும்? சென்ற பராமரிப்பின்போது ஆழமானியின் உணரியை, புரொப்பெல்லருக்கு முன்னால், சற்று வலப்பக்கமாக அடித்தட்டில் பொருத்தினீர்கள். இடப்பக்கம் வளையும்போது பின்பகுதி வலப்பக்கம் சறுக்கும். அடித்தட்டின் கீழே தண்ணீர் வலமிருந்து இடமாகக் குறுக்கே பாயும். உணரிக்குப் பின்னால் கலங்கும் நீரும் குமிழியும் நேராகப் புரொப்பெல்லருக்குள் போகும். கோளாறு தொடங்கியது அந்தப் பராமரிப்புக்குப் பிறகுதான். இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஓர் இலை கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கலாம். நீர்ப்பைகள் ஒரே அளவில் நிரம்பாமல் இருக்கலாம். வேறொரு புரொப்பெல்லரைப் பூட்டி ஓட்டுங்கள், நீர்ப்பைகளை வெறுமையாக்கி ஓட்டுங்கள், உணரியைக் கழற்றித் துளையை அடைத்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகச் செய்தால் எது என்று தெரிந்துவிடும். ஆனால் இவை எதையும் டிரெய்லரின் மேல் நிற்கும் படகில் செய்ய முடியாது. ஆகவேதான் கேட்கிறேன்: ஏரிக்கு வந்து, வளைவில் பாருங்கள்.

1894இல் டர்பினியா என்ற கப்பல் எதிர்பார்த்த வேகம் எடுக்காமல் போனபோது, அதை உருவாக்கிய பொறியியலாளர் சார்ள்ஸ் பார்சன்ஸ் அடுத்த ஆண்டே ஒரு சிறு தொட்டி கட்டி, புரொப்பெல்லரை அதற்குள் சுழலவிட்டுக் குமிழிகளைத் தம் கண்ணால் பார்த்தார். பிறகுதான் மூன்று தண்டுகளும் ஒன்பது புரொப்பெல்லர்களும் வைத்து, 1897இல் பிரித்தானியக் கடற்படை அணிவகுப்பின் நடுவே அதை ஓட்டிக் காட்டினார். அவருக்குத் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு ஏரியே இருக்கிறது, காலி வீதியில் மொரட்டுவை வரைக்கும் வந்தால் போதும்.

கொழும்பில் இது உங்கள் ஒருவருடைய பழக்கம் அல்ல என்பதும் தெரியும். குளிரூட்டி குளிரவில்லை என்றால் வாயுவை நிரப்பிவிட்டுப் போகிறார்கள், கசிவு எங்கே என்று பார்ப்பதில்லை. கார் இழுக்கவில்லை என்றால் பிளக் மாற்றுகிறார்கள். கோளாறைத் தேடுவதற்குப் பற்றுச்சீட்டில் ஒரு வரி கிடையாது, பொருளை மாற்றுவதற்கு மட்டும் இருக்கிறது. தேடுவதற்கும் கூலி கேளுங்கள், தருகிறோம். வாடிக்கையாளர் யாரும் மறுக்கமாட்டார். ஏரியில் மிதக்கும் பொலித்தீனையும் ஆகாயத்தாமரையையும் காரணம் காட்டத் தொடங்கினால் அது மாநகரத்தின் கதையாகிவிடும். அதற்கு வேறு மடல், வேறு முகவரி.

கோபத்தில் சொல் ஏதும் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரவியலாளர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களைப் படகில் ஏற்றி அனுப்பாததுதான் குறை. தயவுசெய்து ஒரு நாளைக் குறித்து எழுத்தில் அறிவியுங்கள். காலை வேளை நல்லது, காற்று எழுவதற்கு முன் தண்ணீர் அமைதியாக இருக்கும். நீர்ப்பைகளை நிரப்பி வைத்திருப்பேன். கயிற்றில் யாரும் இருக்கமாட்டார்கள். சுக்கானை உங்கள் ஆளே பிடிக்கட்டும், இடப்பக்கம் வளைக்கட்டும்.

இப்படிக்கு,
பொல்கொட ஏரியில் வேக்போர்டிங் பழக்கும் உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06